தொங்கு பாலத்தில் ஒரு டீக்கடை

பக்கத்து மனையில் தண்ணீருக்குப் போர் போடுகிறார்கள். அரைபட்ட கல்லின் வாசனையோடு வெள்ளைப் புழுதி சன்னல் வழியே வந்து, கொடியில் காய்ந்த துணிக்கெல்லாம் மாவு பூசிவிட்டது. வேறு வேலைக்கு இப்படிப் புழுதி கிளப்பியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இந்த இரைச்சலோடு மட்டும் எனக்குப் பழைய சிநேகம் உண்டு.

வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலம். வாரமெல்லாம் நூல் கம்பெனி வேலையை மடிக்கணினியில் தட்டிவிட்டு, ஞாயிறு மதியம் அதிலேயே கதை விளையாட்டு நடத்துவேன். நான் கதை சொல்வேன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, கதவைத் திறக்கிறேன், ஓடுகிறேன் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்பதைத் திரையில் உருளும் பகடை சொல்லும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆட வேண்டியதை ஆளுக்கொரு ஊரிலிருந்து ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஆடினோம். கதையில் நான் குரல் கொடுக்கும் பூதங்களுக்கு யாரும் பயந்ததில்லை. குகை வாசலில் நின்று, "வாங்க, உக்காருங்க, சாப்ட்டீங்களா?" என்று கேட்டால் எவன் கத்தியை உருவுவான்? எங்கள் பக்கத்து நாக்கு ராட்சச வேஷத்துக்கு லாயக்கில்லை.

ஆட்டத்தில் மந்திரக்காரி ஃபரீதா. சேலத்தில் தார்ப்பாய் வியாபாரக் குடும்பம். வழிகாட்டி செந்தில், மல்லசமுத்திரத்துக்காரன். ரிக் வண்டியோடு வடக்கே எங்கோ போர் போட்டுக்கொண்டிருந்தான். அவன் மைக்கைத் திறந்தால் மலையே இடிகிற சத்தம் வரும். அதை மூடச் சொல்லி நான் திட்டாத வாரமில்லை. "வண்டியில எல்லாம் வேலைப் பேச்சுத்தானுங்க்கா, சிரிச்சுப் பேசறது இந்த ஒரு மத்தியானந்தான்" என்று ஒருமுறை சொன்னான். அதன்பிறகு திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு, அவன் வழிகாட்டி தொங்கு பாலத்தின் நடுவில் நிற்கும்போது காலடிப் பலகை முறிந்தது. உருட்டு என்றேன். சட்டென்று இரைச்சல் நின்றது. திரையில் அவன் பெயர் மங்கிவிட்டது. சிக்னல் போவது வழக்கம்தான், வந்துவிடுவான் என்றிருந்தோம். வரவில்லை. போனும் அணைந்திருந்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே. அவன் வீடு எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. ஃபரீதா கடைக்கு வரும் லாரிக்காரர்களிடமெல்லாம் விசாரித்தாள், பலனில்லை. ரிக்கில் கம்பி நழுவிய கதை, ரோப் அறுந்த கதையெல்லாம் அவனே சொல்லியிருக்கிறான். அதையெல்லாம் நினைத்துப் பயந்து, தினமும் அவன் எண்ணை அழுத்திப் பார்த்தேன்.

ஆள் இல்லாவிட்டால் இன்னொருவர் பகடை உருட்டலாம் என்பது விளையாட்டின் விதி. ஃபரீதாவை உருட்டச் சொன்னேன்.

"அவருக்குப் பதிலா நான் உருட்டமாட்டேன்க்கா. விழுந்துட்டா?" என்றாள்.

அவள் பாலத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எனக்கும் தெரியும். வரைபடத்தில் பாலத்தின் நடுவே ஒரு டீக்கடையை வரைந்தேன். செந்தில் டீ குடிக்கிறான் என்று அறிவித்தேன். அந்தரத்தில் டீக்கடையா என்று அவள் கேட்கவில்லை. அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளிலும் அவன் டீ குடித்துக்கொண்டே இருந்தான். நாங்கள் பாலத்தைத் தாண்டாமல் இக்கரையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

பிறகு ஒரு மதியம், காதுக்குள் மலை இடிந்தது.

"அக்கா, செல்லு குழிக்குள்ள உழுந்துருச்சுங்க."

போர்க்குழியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க யாரோ வெளிச்சம் கேட்டிருக்கிறார்கள். இவன் பேசிக்கொண்டிருந்த செல்லிலேயே டார்ச் போட்டுக் குழிக்குள் நீட்டியிருக்கிறான். இருந்த இடம் காடு. வேறு செல் வாங்க டவுனுக்குப் போக இத்தனை நாள் ஆகியிருக்கிறது. மூச்சு வாங்கத் திட்டினேன். பிறகு என் மைக்கை மூடிவிட்டு அழுதேன்.

"நானு பொழச்சனா, செத்தனாங்க்கா?" என்று கேட்டான். பாலத்தில் நின்ற வழிகாட்டியைத்தான் கேட்டான்.

"டீக்கடைல உக்காந்திருக்கறவர் எப்படி விழுவார்? உருட்டவே வேணாம்" என்றாள் ஃபரீதா.

அப்புறம் எல்லோரையும் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஞாயிறுகள் துணி துவைக்கவே சரியாகப் போயின. நாங்கள் ஆடிய இணையதளத்தையும் மூடிவிட்டார்கள், பாலமும் டீக்கடையும் அதோடு போயின. செந்தில் ரிக்கை விட்டு இறங்கி, ஊரில் கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். இன்று காலை கூப்பிட்டான். என் பக்கத்து இரைச்சலில் நான் பேசியது அவனுக்குக் கேட்கவில்லை. "ஏனுங்க்கா, ரிக்குல ஏறிட்டீங்களா?" என்று சிரித்தான். அவன் குரலுக்குப் பின்னால் கோழிகள் மட்டும் கொக்கரித்தன.

விளையாட்டு போனதில் எனக்கு வருத்தம்தான். அந்தப் பயம் போனதில் துளியும் வருத்தமில்லை. இப்போதெல்லாம் அவன் போனை எடுக்காவிட்டால், கோழிக்குத் தீவனம் வைக்கிறான் என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்க்கிறேன்.