வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்த எங்கள் ஊர்

"ஒரு கடப்பாரை கொண்டாரச் சொல்லுங்க" என்று ஆர்.ஐ. அம்மா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. நெல் கொள்முதல் நிலையத்தில், தார்ப்பாய் போர்த்திய நெல் குவியல்களுக்கு நடுவே சேலையைச் செருகிக்கொண்டு நின்றார். கிழக்கே வானம் கறுத்து வந்தது. கிராம நிர்வாக அலுவலரான நான் அவருக்குப் பின்னால் ஏறக்குறைய ஒளிந்துகொண்டிருந்தேன். அந்த நெல் விற்க வழியில்லாமல் கிடந்ததற்கு நான் எழுதிய மனுதான் காரணம்.

நான் வேலை பார்த்தது நாலே தெரு கொண்ட ஊர். பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாமே அடுத்த மாவட்டத்து மன்னார்குடியில்தான். ஒரு பட்டா மாற்றத்துக்கு மட்டும் எதிர்த்திசையில் இரண்டு பஸ் மாறி, எங்கள் மாவட்டத்துத் தாலுகா ஆபீஸுக்குப் போகவேண்டும். எங்களை மன்னார்குடியோடு சேர்த்துவிடுங்கள் என்பது அந்த மக்களின் நெடுநாள் கோரிக்கை. நான் வேலைக்குப் போன முதல் வருடமே ஊருக்காக உருக்கமாக மனு எழுதிக் கொடுத்தேன். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் அதை எழுதலாமா என்றுகூட யோசிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, ஊரை மாவட்டம் மாற்றி உத்தரவு வந்தது. வெடி போட்டார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அதற்கு முன்னும் பின்னும் எனக்கு யாரும் சால்வை போர்த்தியதில்லை.

குறுவை அறுவடை வந்தபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. வழக்கமாக நெல் போடும் கொள்முதல் நிலையம் ஊர் எல்லை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பலகையில் பக்கத்து ஊரின் பெயர். அதாவது பழைய மாவட்டம். "உங்க ஊரு பேரே கம்ப்யூட்டர்ல காட்ட மாட்டேங்குது சார். நான் என்ன செய்யட்டும்?" என்றார் அங்கிருந்த எழுத்தர். பாவம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் புதிய மாவட்டத்து நிலையமோ தூரம். அங்கே ஏற்கெனவே ரோடு வரை நெல் காத்துக் கிடந்தது.

குத்தகை நிலத்தில் தனியாளாக விவசாயம் பார்க்கும் அக்கா ஒருவர் தன் நெல்லை முதல் ஆளாக வாய்க்கால் தாண்டிக் கொண்டுவந்து கொட்டியிருந்தார். நாலு நாளாக வெயில் பார்த்து விரிப்பதும் தூறல் பார்த்து மூடுவதுமாக இருந்தார். ஓரத்து நெல் முளைவிட ஆரம்பித்துவிட்டது. "நல்லா இருந்த ஊரை ஒரே மனுவுல தூக்கி அந்தாண்ட போட்டுட்டீங்களே சார்" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை.

ஐந்தாம் நாள் ஆர்.ஐ. அம்மா வந்தார். புதிய மாவட்டத்தில் எங்கள் பகுதிக்கு வருவாய் ஆய்வாளர்; அதிராம்பட்டினம் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். வந்ததும் ஊர் வரைபடத்தைக் கேட்டார். என் பீரோவில் மூன்று வருடமாகச் சுருட்டிக் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். தூசி தட்டி விரித்து, விரலை ஓட்டிக்கொண்டே போனவர் நிறுத்தினார்.

"எல்லை வாய்க்கால்ல முடியலையே சார். தாண்டிப் போவுதே."

ஊருக்கு எல்லை வாய்க்கால்தான் என்று நாங்களும் நம்பினோம், பக்கத்து ஊரும் நம்பியது. எல்லை வகுத்த பிறகுதான் அந்த வாய்க்காலையே எங்கள் ஊர் நிலத்தின் நடுவே வெட்டியிருக்கிறார்கள். அக்கரையில் தங்கிவிட்ட துண்டு நிலம் எங்கள் ஊரின் களம். அதில்தான் கொள்முதல் நிலையம் நின்றது.

கடப்பாரை வந்தது. கொட்டகைக்குப் பின்னால் மலையாகக் கிடந்த பதரை ஒதுக்கித் தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் 'ணங்' என்றது. எல்லைக்கல். ஊர் மாவட்டம் மாறியபோது கொள்முதல் நிலையத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

"அப்ப நானும் மாவட்டம் மாறிட்டேனாம்மா?" என்றார் எழுத்தர் கலவரத்தோடு.

"அது அப்புறம் பாத்துக்கலாம். தராசைத் தொடச்சு வைங்க."

எங்கள் ஆள் ஒருவர் உடனே, இனிமேல் பக்கத்து ஊர்க்காரர்கள் இங்கே நெல் போடக்கூடாது என்று ஆரம்பித்தார். ஆர்.ஐ. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். "நாலு நாளு பட்டீங்களே, பத்தலையா?" என்றார். கல்லையும் வரைபடத்தையும் படமெடுத்து இரண்டு மாவட்டத்துக்கும் அனுப்பிவிட்டு, போனும் கையுமாக நின்றார். மத்தியானம் பதில் வந்தது: இரண்டு ஊர் நெல்லையும் எடுக்கலாம்.

ஆர்.ஐ. அம்மா இப்போது எங்கோ தாசில்தாராக இருக்கிறார். நானும் இரண்டு ஊர் மாறிவிட்டேன். புதிய ஊருக்குப் போனால் முதல் வாரமே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லையை ஒரு சுற்று நடந்துவிடுகிறேன். வேலையற்ற மனிதர் என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும். மனு மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

அன்றைக்கு அக்காவின் கடைசி மூட்டை தராசிலிருந்து இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கொட்டகைக்குள் ஓடினார்கள். எனக்கு எந்த முகத்தோடு உள்ளே போவதென்று தெரியவில்லை. வெளியிலேயே நின்றேன். சட்டை நனைய நனைய நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. உண்மையைச் சொன்னால், அழுதேன். மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா சாக்குகளைத் தள்ளிவைத்து இடம் பண்ணினார்.

"ஏன் சார் நனையிறீங்க? உள்ள வாங்க, நம்ம ஊருதானே."