ஒஸ்லோவுக்குக் கொண்டுபோகாத மிளகாய்த்தூள்

சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த வருசம் ஊருக்குப் போனபோது, ஒரு தாய் ஒஸ்லோவிலிருக்கும் தன் மகனுக்கென்று என்னிடம் மிளகாய்த்தூள் தந்துவிட்டார். அந்தக் குளிர்கால விடுமுறைக்கு நானும் என் மனுசனும் நாங்கள் இருக்கும் துரொண்ட்ஹெய்மிலிருந்து ஒஸ்லோவுக்கு ஒரேயொரு கைப்பையோடு போனோம். பாரமில்லாத பயணமென்று எல்லாருக்கும் பீற்றிக்கொண்டு, தூளை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

ஸ்டேஷனில் அந்த மகன் காத்து நின்றார். காதை மூடிய கம்பளித் தொப்பி, எதற்கும் முதலில் சிரிக்கிற பழக்கம்.

"தூள் கனம் தம்பி. இந்தக் கிழவனை இழுத்துக்கொண்டு வந்தனான், அந்தப் பாரம் காணாதே?" என்றேன்.

சிரித்தார். "பரவாயில்லை அன்ரி. பொதி கட்டேக்கை அம்மாவின்ரை கை நடுங்கினதோ?"

நான் பொதியின் கனத்தைத்தான் பார்த்தேன், அந்தத் தாயின் கையைப் பார்க்கவேயில்லை.

"இல்லைத் தம்பி, நல்லா இருக்கிறா" என்று பொய் சொன்னேன்.

அதை நம்பி, என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.