இரண்டு கல்

என் அத்தான் பூட்டு ரிப்பேர்காரர். சாவியைத் தொலைத்த மனித குலம் இருபத்தேழு ஆண்டுகளாக அவர் கடை வாசலில்தான் வந்து நிற்கிறது. எப்பேர்ப்பட்ட இரும்புப் பெட்டியையும் திறந்துவிடுவார். தன் வயிற்றை மட்டும் யாரும் திறக்கக் கூடாது என்பது அவருடைய வாழ்நாள் கொள்கை. சவரக் கத்தி கீறினாலே பாயைப் போட்டுப் படுத்துவிடுகிற வீரர்.

போன வாரம் இடுப்பில் வலி. அக்கா ஸ்கேன் எடுக்க இழுத்துக்கொண்டு போனாள். எடுத்தவர் வேலைக்குப் புதிது, இந்திக்காரர். அத்தானுக்கு இந்தி சுத்தம்.

"என்ன சார் தெரியுது?"

"ரிப்போர்ட்... கல்."

"கல்லா?"

"கல், கல்!" என்று அழுத்திச் சொல்லி, சிரித்தும் வைத்தார் அந்தப் புண்ணியவான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் சுவரோடு சாய்ந்துவிட்டார். "ரெண்டு கல்லுடி. ஒண்ணா இருந்தாக்கூட கரைச்சிடலாம்."

"ஆபரேஷன்தானே? நாலு நாள்ல எழுந்து நடப்பீங்க."

"நீ பேசுவ. வெட்டப்போறது உன் வயித்தையா?" கடைச் சாவியை என் கையில் வைத்து அழுத்தினார். "பாத்துக்க மாப்ள."

மறுநாள் மூவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம். அவர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "கல்லா? எங்க? வெறும் தசைப்பிடிப்பு."

"உங்க ஆளே ரெண்டு தடவ சொன்னாரே!"

ஸ்கேன்காரர் வரவழைக்கப்பட்டார். விசாரணையில் உண்மை வெளிவந்தது. இந்தியில் 'கல்' என்றால் நாளை. விடியலைக் குறிக்கும் பழைய சமஸ்கிருதச் சொல்லின் பேரனாம். நம் பாறைக் கல்லுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நேற்றுக்கும் அதே 'கல்'தானாம்.

"நேத்தும் நாளையும் ஒண்ணுன்னா, எப்படிங்க பொழப்ப ஓட்டுறீங்க?" அத்தான் மெய்யாகவே கவலைப்பட்டார்.

டாக்டரம்மா துருக்கியில் இரண்டு வருஷம் இருந்தவர். "அங்க 'கல்'னா 'இரு, போகாதே'ன்னு அர்த்தம்."

"அப்ப இவரு இங்கயே கல்லட்டும் டாக்டர்," என்றாள் அக்கா. "நான் ரெண்டு நாள் நிம்மதியா தூங்குறேன். ராத்திரி பூரா பெருமூச்சு!"

தமிழில் 'கல்' என்றால் 'படி' என்றும் பொருள் உண்டு என்று நான் ஆரம்பித்தேன். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. அத்தான் எழுந்து இடுப்பை அழுத்திப் பார்த்தார். வலி அப்படியேதான் இருந்தது.

"வலிக்கட்டும்! நல்லா வலிக்கட்டும்!" என்றபடி இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்.