பேரும் விலாசமும்

மார்லிஸ் ஹக்காலாவை எங்கள் ஊரில் ‘துப்பாக்கிக்காரி’ என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்கிற ஒவ்வொருவர் வீட்டிலும் குறைந்தது நாலு துப்பாக்கி இருக்கும். மான் வேட்டை தொடங்கும் நாளில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுகிற ஊர் இது. ஆனாலும் பட்டப்பெயர் அவளுக்குத்தான். அவள் பிறந்ததிலிருந்து ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. நான் இந்த ஹாலோரன் டவுன்ஷிப்பில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், இருபத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்தவள், பெயர் ஹெல்வி. அவளுக்கு நடந்ததில் என் கையும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை நல்லவள் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம்.

மார்லிஸ் இங்கேயே பிறந்தவள். அப்பா மரம் ஏற்றும் லாரி ஓட்டினார். இருபது வயதில் வேலை தேடித் தெற்கே போனாள், அங்கே லோரன் டெட்ஸ்லாஃப் என்பவனைக் கட்டிக்கொண்டாள். வீடுகளுக்கு ஹீட்டர் மாட்டுகிற தொழில் அவனுக்கு. ஆள் பார்க்க லட்சணமாக இருப்பான், சர்ச்சுக்கு வருகிறவர்களைக் கைகொடுத்து உட்காரவைப்பான். வீட்டுக்குள் அதே கை வேறு வேலை பார்த்தது. பதினேழாவது வருஷம் அவள் தாடையை உடைத்தான். ஆறு வாரம் பல்லைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள், ஸ்ட்ராவில் சூப் குடித்தாள். அந்த சூப்பை அவனே காய்ச்சினான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

போலீசில் புகார் கொடுத்தாள். அவன் அம்மா வந்து காலைப் பிடிக்காத குறையாக அழுததும் திரும்ப வாங்கிக்கொண்டாள். அதனால் அவன் பெயரில் எங்கேயும் ஒரு கறையும் இல்லை. விவாகரத்து ஆனபோது, அவன் அவள் கிட்டேயே வரக்கூடாது என்று நீதிபதி ஒரு வருஷத்துக்கு உத்தரவு போட்டார். வருஷம் முடிந்ததும் நீட்டித்துத் தரும்படி போய் நின்றாள். “இந்த ஒரு வருஷமா அவர் ஒண்ணுமே பண்ணலையேம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உத்தரவு இருந்ததால்தான் ஒன்றும் பண்ணவில்லை. இது ஒரு படித்த மனிதனுக்குத் தெரியாதா?

அவன் கண்ணில் படாமல் இருக்கத்தான் ஊருக்குத் திரும்பி வந்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. கடிதம் எல்லாம் தபால் ஆபீஸ் பெட்டிக்குத்தான் வரும். போன் நம்பர் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. முதியோர் இல்லத்தில் சலவை வேலை. இருக்கிற வீட்டு விலாசத்தை அங்கே கூடவே துணி மடித்துப் போடுகிறவளுக்குக்கூடச் சொல்லவில்லை. துப்பாக்கி வகுப்புக்குப் போய், காகித பொம்மையைச் சுட்டுக் காட்டி, துப்பாக்கியை உடம்பில் மறைத்து வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் வாங்கி, சின்னதாக ஒரு கைத்துப்பாக்கியும் வாங்கினாள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அவள் யாரிடமும் சொல்கிற ரகம் இல்லை.

சர்க்கரை ஏறுகிறது, தினமும் நட என்று டாக்டர் சொன்னார். ஊரில் பனியைச் சுத்தமாகத் தள்ளி வைத்திருக்கும் பாதை ஒன்றே ஒன்றுதான், ஏரிக்கரைப் பூங்காவில். அந்தப் பூங்கா வாசலில் ஒரு பலகை இருந்தது: கைத்துப்பாக்கி கொண்டுவரக் கூடாது. எழுபதுகளில் எவனோ குடித்துவிட்டு அங்கே கழிப்பறைக் கதவைச் சுட்டதால் போட்ட விதி. மார்லிஸ் துப்பாக்கியைக் காரில் பூட்டிவிட்டு, ஒன்றரை மைல் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடப்பாள். 2012 மார்ச்சில் ஒருநாள் என் கவுண்டருக்கு வந்து நின்றாள்.

“ஹெல்வி, அந்த போர்டு செல்லாது. துப்பாக்கி விஷயத்துல மாநிலச் சட்டம்தான், டவுன்ஷிப் தனியா ரூல் போடக் கூடாது. பிரிண்ட் எடுத்துட்டு வந்திருக்கேன், பாருங்க.”

“ஏம்மா, மறைச்சுத்தானே வெச்சுக்கப் போற? கோட்டுக்குள்ள என்ன இருக்குன்னு எவன் தடவிப் பாக்கப் போறான்? பேசாம வெச்சுக்கிட்டு நட.”

“மாட்டிக்கிட்டா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. என்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்.”

“அப்படி யாரு உன்னைத் துரத்துறாங்க?”

அவள் காகிதத்தை மடித்தாள். “அடுத்த கூட்டம் என்னைக்கு?” என்றாள்.

மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மாலை டவுன்ஷிப் கூட்டம். தலைவர் எல்வுட் ரஸ்க், பனி தள்ளும் மிஷின் விற்கிறவர். ஊரில் குடியிருக்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிஷம் பேசலாம். பேசுமுன் பேரும் விலாசமும் சொல்ல வேண்டும், நான் அதை எழுதிக்கொண்ட பிறகுதான் கடிகாரத்தை அழுத்துவேன். அது எங்கள் வழக்கம். என் அம்மா காலத்திலிருந்தே வழக்கம்.

மார்லிஸ் மைக் முன்னால் வந்தாள். பெயரைச் சொன்னாள். பிறகு, “விலாசம் வேண்டாமே. நான் இந்த ஊர்தான், எல்லாருக்கும் தெரியும்” என்றாள்.

“தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? இங்க குடியிருக்கிறவங்க மட்டும்தான் பேசலாம்” என்றார் எல்வுட்.

“உங்க காதுல மட்டும் சொல்லட்டுமா?”

பின்வரிசையில் சிரித்தார்கள். எல்வுட் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனாவைத் தட்டினேன். “பேரும் விலாசமும் இல்லாம நேரம் ஓடாது மார்லிஸ். உனக்குன்னு தனி ரூல் போட முடியுமா?” என்றேன். விதியை எதிர்க்க வந்தவளை விதியால் மடக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரு பெருமை வேறு. அந்த வாயில் அன்றைக்கே கட்டி வந்திருக்கலாம்.

அவள் நின்றாள். திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போயிருக்கலாம். “அறுநூத்திப் பதினாலு, பைன் தெரு. மாடி” என்றாள். நான் கடிகாரத்தை அழுத்தினேன்.

நன்றாகத்தான் பேசினாள். சட்டத்தின் எண்ணைச் சொன்னாள், வேறு இரண்டு ஊர்களில் பலகையைக் கழற்றிய கதையைச் சொன்னாள். கேட்டவர்கள் விட்டார்களா?

“ஏரியில இருக்கிற வாத்து உங்களை என்னம்மா பண்ணிச்சு?” என்றான் ஒருவன்.

“அணிலுக்குப் பயந்துதான் இவ்வளவு சட்டமா?” என்றான் இன்னொருவன்.

எல்வுட் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “எதுக்கு உங்களுக்கு இவ்வளவு அவசரம்? எப்போ போறீங்க, யார்கூடப் போறீங்க?” என்று கேட்டார்.

“தினமும் மூணரைக்கு. தனியாத்தான் போறேன். அதனாலதான் கேக்கிறேன்” என்றாள்.

இதையெல்லாம் நான் ஒரு வார்த்தை விடாமல் கூட்டக் குறிப்பில் தட்டச்சு செய்தேன். பெயர், கதவு எண், மாடி, மூன்றரை மணி, தனியாக. அந்த வருஷம்தான் டவுன்ஷிப்புக்கு இணையதளம் வந்திருந்தது. குறிப்புகளை அதில் ஏற்றுவது நான் கற்றுக்கொண்ட புது வித்தை, ஆளுக்கு ஆள் காட்டிப் பீற்றிக்கொண்டிருந்தேன். அதையும் ஏற்றினேன்.

ஆறு வாரம் கழித்து டவுன்ஷிப் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. அவள் சொன்னதுதான் சரி, பலகை செல்லாது, கழற்றிவிடுங்கள் என்று எழுதியிருந்தார். கடைசிப் பத்தியில் இன்னொன்றும் இருந்தது. கூட்டத்தில் பேசுகிறவர்களை விலாசம் சொல்லச்சொல்லிக் கட்டாயப்படுத்தவும் சட்டத்தில் இடமில்லை, அந்த வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நான் அதைப் படித்தேன். கோப்பில் போட்டேன். அப்போதாவது இணையதளத்திலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்திருக்கலாம். எடுக்கத் தோன்றவில்லை. தோன்றியது, செய்யவில்லை என்பதுதான் உண்மை. மதியச் சாப்பாட்டு நேரம்.

டவுன்ஷிப் உறுப்பினர்கள் மூன்றுக்கு இரண்டு என்று ஓட்டுப் போட்டு விதியை நீக்கினார்கள். பலகை இறங்கியது. மார்லிஸ் என் கவுண்டருக்கு வந்து ஒரு பெட்டி பாஸ்டி வைத்துவிட்டுப் போனாள், மாவுக்குள் கறியும் டர்னிப் கிழங்கும் அடைத்து அவளே சுட்டது. அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது, இன்னொரு பக்கம் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் மாதம் நன்றாகச் சவரம் செய்த ஒருவன் ஆபீசுக்கு வந்தான். பூங்கா எங்கே என்று கேட்டான். “உங்க இணையதளத்துல படிச்சேன். துப்பாக்கித் தடையை எடுத்துட்டீங்களாமே, நல்ல காரியம் பண்ணினீங்க மேடம்” என்றான். நான் குளிர்ந்துபோய் வரைபடம் ஒன்று எடுத்து, வழியில் கோடு போட்டுக் கொடுத்தேன். அதுதான் லோரன்.

அன்று மூன்றரைக்கு அவன் பாதை ஓரப் பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். அவள் வந்ததும் எழுந்து தொப்பியைத் தூக்கினான். “நல்லா இருக்கியா மார்லி?” என்றான். சோம்பல் முறிப்பதுபோல் கையை உயர்த்தினான். சட்டை மேலே ஏறியது, இடுப்பில் இருந்தது தெரிந்தது. “இங்க கொண்டுவர முடியாம இருந்துச்சாமே. நீதான் வாங்கிக் குடுத்தேன்னு படிச்சேன். ரொம்ப தேங்க்ஸ்.”

அவள் ஷெரிஃப் ஆளைக் கூப்பிட்டாள். வந்தவன் லோரனின் லைசென்ஸைப் பார்த்தான், அவனோடு மீன் எப்படிக் கிடைக்கிறது என்று பேசினான், பிறகு அவளிடம் வந்தான்.

“அவர் உங்களைத் தொட்டாரா? மிரட்டினாரா?”

“நல்லா இருக்கியான்னு கேட்டான்.”

“அது குத்தமில்லையேம்மா. லைசென்ஸ் இருக்கு, பொதுப் பூங்கா. ரூலை எடுக்கச் சொன்னதே நீங்கதானே?”

மூன்று வாரம் அவன் தினமும் வந்தான். அவள் நேரத்தை மாற்றினால் அவனும் மாற்றினான். பைன் தெருவில் அவள் வீட்டுக்கு எதிரே காரை நிறுத்தி ரேடியோ கேட்டான். அதுவும் குற்றமில்லை. நாலாவது வாரம் ஒருநாள் பாதையின் நடுவில் வந்து நின்றுகொண்டான். அவள் இடப்பக்கம் ஒதுங்கினால் இடப்பக்கம், வலப்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்கம். “தாடை இன்னும் வலிக்குதா, குளிர் காலத்துல?” என்று மெதுவாகக் கேட்டான். அவள் மேல்சட்டையை விலக்கித் துப்பாக்கியில் கை வைத்து, “தள்ளு” என்றாள்.

அவன் இதற்குத்தான் காத்திருந்தான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, ஊஞ்சல் பக்கம் கேட்கும்படி, “சுட்டுடாதே மார்லி” என்று கத்தினான். அங்கே மூன்று தாய்மார் இருந்தார்கள். கைதூக்கி நிற்கிற ஆணையும், துப்பாக்கியில் கைவைத்த பெண்ணையும் பார்த்தார்கள். மூன்று பேரும் கோர்ட்டில் பார்த்ததைத்தான் சொன்னார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

பொது இடத்தில் ஆயுதம் காட்டி மிரட்டினாள் என்று வழக்கு. இவள் இதற்காகப் பல மாதம் முன்பே திட்டம் போட்டாள் என்று காட்ட, அரசு வக்கீல் எங்கள் கூட்டக் குறிப்பின் நகலைக் கேட்டு அனுப்பினார். நான்தான் முத்திரை குத்தினேன். அவள் வக்கீல் என்னிடமும் வந்தார். விலாசத்தை அவள் மறைக்கப் பார்த்ததையும் நாங்கள் வற்புறுத்தியதையும் கோர்ட்டில் வந்து சொல்வீர்களா என்றார். எல்வுட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நாம கட்டாயப்படுத்தினோம்னு நாமளே ஒத்துக்கிட்டா, நாளைக்கு நம்ம மேல கேஸ் வரும். வாயை மூடிக்கிட்டு இரு ஹெல்வி” என்றார். நான் மூடிக்கொண்டேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

லைசென்ஸ் போயிற்று. துப்பாக்கியைத் தொடவே கூடாது என்றார்கள். ஊரில் யார் வேண்டுமானாலும் துப்பாக்கியோடு நடக்கலாம் என்று ஆகிப்போன அந்தப் பூங்காவில் அவள் ஒருத்தி காலே வைக்கக் கூடாது. அதோடு விட்டார்களா? பாதிக்கப்பட்டவன் லோரன் என்பதால், அவன் இருக்கும் இடத்திலிருந்து ஐந்நூறு அடிக்குள் அவள் வரக்கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டார். ஒரு காலத்தில் நீட்டித்துத் தரச்சொல்லிக் கெஞ்சியும் அவளுக்குக் கிடைக்காத அதே உத்தரவு. அவனுக்குக் கேட்காமலே கிடைத்தது.

கோடைக்கு வந்தவன் குளிருக்கும் தங்கிவிட்டான். முதியோர் இல்லத்துக்கு எதிரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தான். அவள் வேலை போயிற்று. தபால் ஆபீசில் அவள் வரிசையில் நிற்கும்போது அவன் நுழைந்தால், அவள் கடிதத்தை வாங்காமல் வெளியேற வேண்டும். மளிகைக் கடையில் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், நானே பார்த்தேன். அவன் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. கடைக்காரர்களுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. பாதிப் பேர் வீட்டு ஹீட்டரை அவன்தான் பார்த்துக் கொடுத்தான், என் வீட்டு ஹீட்டர் உட்பட.

போன வெள்ளிக்கிழமை சர்ச் ஹாலில் மீன் விருந்து. மார்லிஸ் மூலையில் எங்கள் மேசையில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துவிட்டாள். நான்தான் வா என்று கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பாள். கதவு திறந்தது, லோரன் காலணியிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். கோட்டை எடுத்துக்கொண்டாள். சமையலறை வழியாக, பின்கதவால் போனாள். நாற்பது பேர் இருந்தோம். எல்லாரும் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தோம்.

அவன் நேராக எங்கள் மேசைக்கு வந்து, அவள் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் தட்டைப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“அந்த ரொட்டியைக் கொஞ்சம் இப்படித் தர்றீங்களா ஹெல்வி?” என்றான்.

எடுத்துக் கொடுத்தேன்.