இடது கையால் ஒரு லட்டு

ஆயர் ஈத்தாம் சந்தையில் காய்கறி விற்கும் சீன அம்மா இடது கையால் காசு வாங்கி, இடது கையாலேயே சில்லறை தருவாள். நான் பினாங்குக்கு வந்த புதிதில் அது எனக்குச் சுருக்கென்று தைக்கும். என்மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது என்று அடுத்த கடைக்குப் போவேன். அங்கேயும் அப்படித்தான். இவர்களுக்கு இரண்டு கையும் ஒரே சாதி என்பது புரிய வெகுநாள் ஆயிற்று. இப்போது நானும் இடது கையால்தான் கொடுக்கிறேன், வாங்குகிறேன். அந்த அம்மா அதைக் கவனித்ததே இல்லை. ஆனால் கவனிக்க வேண்டிய ஒருவன் நன்றாகக் கவனித்தான். அந்தக் கதையைத்தான் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் செல்வி எழுதுகிறாள். நான் அவனைத் திட்டும் இடங்களில் அவள் பேனா ஓய்வெடுத்துக்கொள்கிறது. ஊரிலிருந்து படிப்பவர்கள் அந்த இடங்களை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியா தரவேண்டும்?

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் இடது கை நீண்டால் சண்டை. ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றியவன் அவசரத்தில் கை மாற்றிவிட்டான். சம்பந்தி வீட்டார் மொத்தப் பேரும் இலையை மூடிவிட்டு எழுந்து போனார்கள். பாயசம் நல்ல பாயசம். நான் சின்னப் பெண், எழுந்திருக்கவில்லை. என் அம்மா முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் எழுந்தேன். அப்படி வளர்ந்தவள் நான். அப்படி வளர்ந்த குடும்பத்துப் பையன்தான் குணாவும்.

குணா எங்கள் சூப்பர்வைசர். பாயான் பாருவில் கம்ப்யூட்டர் சிப் ஆலைகளில் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்புக்குள் புகுந்துகொண்டு வேலை செய்வார்களே, அந்த உடுப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. புருஷன் போனபின் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் சேர்ந்தேன். ஈரத் துணி ஏற்றும் டிராலி ஒன்றுக்குச் சக்கரம் ஆடியது. குணாவிடம் பலமுறை சொன்னேன். "பாட்டி, ஒங்க இடுப்பு கூடத்தான் ஆடுது, அதுக்காக மாத்த முடியுமா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன், நல்ல நகைச்சுவை என்றால் எனக்குப் பகை பாராட்டத் தெரியாது. பிறகு ஒரு நாள் அந்த டிராலி நிறைந்த சுமையோடு என் வலது தோள்மேல் சாய்ந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த குணா பழம் வாங்கி வந்தான். பழத்தை வைத்துவிட்டு, "வீட்டுக் குளியலறையில வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடுங்க பாட்டி, எல்லாருக்கும் சுலபம் லா" என்றான். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

நான் உள்ளதைச் சொன்னேன். அன்றிலிருந்து அவன் வேலையிடத்தில் என்னை 'நடிகை' என்று அழைக்க ஆரம்பித்தான். தோள் எலும்பு கூடியது. கைதான் திரும்பவில்லை. இடுப்பு உயரத்துக்கு மேல் எழும்பாது. சோறு உண்ண வேண்டுமென்றால் நான்தான் குனிந்து கையிடம் வாயைக் கொண்டுபோக வேண்டும்.

இந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலையில் அடிபட்டவரை உடனே அளக்க மாட்டார்கள். வைத்தியமெல்லாம் முடிந்து, இதற்குமேல் தேறாது என்ற நிலை வந்தபிறகு டாக்டர்கள் குழு ஒன்று கூப்பிட்டு, நிரந்தரமாக எவ்வளவு போயிற்று என்று அளக்கும். பள்ளிப் பிள்ளைகள் கோணம் வரைவார்களே, அதுபோல ஒரு கருவியைத் தோளில் வைத்துக் கை எதுவரை போகிறது என்று பார்ப்பார்கள். எங்கள் ஊரில் நெல் மில் வாருக்குக் கையைக் கொடுத்த என் மாமனை யாரும் அளக்கவில்லை. மில்காரர் ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தார். ஊர் அவருக்கு 'மொண்டிக்கை' என்று பேர் கொடுத்தது. அத்தோடு கணக்கு முடிந்தது. அதனால் எனக்கு இந்தக் கருவிமேல் பெரிய மரியாதை. பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல எண்ணெய் தேய்த்துக் குளித்து, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன்.

அங்கேதான் கெடுத்துக்கொண்டேன். எனக்குச் சந்தையில் பேரம் பேசுகிற அளவு மலாய் மட்டும்தான் தெரியும். செல்விக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் சொல்வதை மலாயில் எடுத்துச் சொல்லக் கம்பெனி குணாவை அனுப்பியது. உள்ளே மூன்று டாக்டர்கள். பெரியவர்களைப் பார்த்தால் கும்பிட வேண்டாமா? இடது கையால் வலது கையைத் தூக்கிச் சேர்த்து, மார்புக்கு நேராக ஒரு முழு வணக்கம் வைத்தேன். வலி உயிர் போயிற்று, ஆனாலும் சிரித்தபடி வைத்தேன். நம் பெண்களைத் தவிர வேறு யார் இந்த முட்டாள்தனம் செய்வார்கள்? டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கருவியை வைத்தபோது கை ஏறவில்லை என்றால் யார் நம்புவார்கள்? வலி எப்படி என்று கேட்டார்கள். நான் குணாவிடம், "ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியல, தலை சீவ முடியல, பேத்தியத் தூக்க முடியல" என்று கொட்டினேன். அவன் டாக்டரிடம் திரும்பி இரண்டே சொல் சொன்னான்: "சிக்கிட் சாஜா." கொஞ்சம்தானாம்! தினமும் மீன்காரனிடம் 'சிக்கிட் சாஜா' என்று பேரம் பேசுகிறவளுக்கு அது தெரியாது என்று நினைத்துவிட்டான்.

கடைசியில் பெரிய இழப்பு ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. துவைக்கும் இடத்தில் குணா அதை எல்லோருக்கும் ஒலிபரப்பினான். "நடிகைக்கு விருது கெடைக்கல!" என்றானாம். தோள் வலியைத் தாங்கிக்கொண்டேன். இதை மட்டும் தாங்க முடியவில்லை. மேல்முறையீடு செய்தோம். இரண்டாம் முறை நாள் குறித்ததும் நானே குணாவுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, நீங்களே வாங்கய்யா. ஒங்க மலாய் மாதிரி யாருக்கு வரும்?"

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "மாமி, ஒங்களுக்குப் புத்தி பிசகிடுச்சா? இந்தத் தடவை நான் லீவு போட்டிருக்கேன். அவன் எதுக்கு?"

"நீ சும்மா வா. அவன் வேணும் எனக்கு."

இம்முறை பழைய பருத்திச் சேலை. வணக்கம் வைக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். தலைமை டாக்டர் ஒரு மலாய்க்கார அம்மா, கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். "ஆண்ட்டி, கையால் என்ன செய்ய முடியவில்லை?" என்று மலாயில் கேட்டார். குணா என் பக்கம் திரும்பினான். "என்ன செய்ய முடியலன்னு கேக்கறாங்க பாட்டி. சுருக்கமா சொல்லுங்க."

நான் டாக்டரைப் பார்த்து எனக்குத் தெரிந்த சந்தை மலாயிலேயே சொன்னேன்: இவன் கன்னத்தில் அறைய முடியவில்லை.

செல்வி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி என்னையும் குணாவையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டோரம் துடித்தது. "முயற்சி செய்து காட்டுங்கள்" என்றார்.

எத்தனை நாள் காத்திருந்த ஆசை! ஆடும் சக்கரம், ஆஸ்பத்திரிப் பழம், 'நடிகை', 'சிக்கிட் சாஜா' எல்லாவற்றையும் சேர்த்துக் கைக்குள் திணித்து வீசினேன். கன்னத்துக்குக் கிளம்பிய கை அவன் பெல்ட் பக்கிளோடு நின்றுவிட்டது. கண்ணில் பூச்சி பறந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. ஆனால் குணா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தான். வராத கைக்கு அப்படிப் பயந்தவனை நான் அன்றுதான் பார்த்தேன்.

டாக்டரம்மா எழுந்து வந்தார். என் கையைத் தாமே பிடித்து மெல்ல உயர்த்திப் பார்த்தார். மார்புக்கு மேல் அவர் தூக்கியும் அது ஏறவில்லை. தோளைத் தொட்டுப் பார்த்து, கருவியை வைத்து, மற்ற இருவரையும் பார்க்கச் சொன்னார். அப்புறம், "அன்றைக்கு இரண்டு கையையும் தூக்கினீர்களாமே?" என்று கேட்டார். செல்விதான் பதில் சொன்னாள், இடது கைதான் வலது கையைச் சுமந்து வந்தது என்று. என்னை மறுபடி செய்யச் சொல்லி, இம்முறை பக்கவாட்டில் நின்று பார்த்தார். குணாவை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

முடிவு மாறி வந்தது. வலது தோள் நிரந்தரமாகப் பழுது, கை இடுப்புக்கு மேல் எழாது, முன்னால் நீளாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பொய்க்காரி இல்லை என்று எழுத்தில் வந்துவிட்டது. வேறு யாராவது என்றால் கோயிலில் தேங்காய் உடைத்திருப்பார்கள். நான் லட்டு வாங்கிக்கொண்டு பாயான் பாரு பஸ் ஏறினேன்.

துவைக்கும் இடத்தில் பெட்டியை மேசைமேல் திறந்து வைத்தேன். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் எல்லோரும் அவரவரே எடுத்துக்கொண்டார்கள். குணாவுக்கு மட்டும் நானே ஒன்றை எடுத்து, இடது கையில் வைத்து, அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

அவன் முகம் சுருங்கியது. "என்ன பாட்டி இது? வலது கையால குடுங்க."

"நீளாதே தம்பி. டாக்டருங்களே சொல்லிட்டாங்க. நீங்க கூட வந்து பாத்தீங்களே."

எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. எல்லா வாயும் நின்றிருந்தன. வாங்க மறுத்தால் என் வலது கை நன்றாக இருக்கிறது என்று அவன் மறுபடி சொன்னதாகும். வாங்கினால் அவன் அம்மா வளர்த்த வளர்ப்பு போயிற்று. என் வாழ்நாளில் இவ்வளவு அழகாக ஒருவன் வேர்த்து நான் பார்த்ததில்லை. கடைசியில் வாங்கினான்.

"சாப்பிடுங்க தம்பி. நெய் லட்டு."

சாப்பிட்டான்.

திரும்பும்போது இடது கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வலது கை மடியில் முந்தானைக்குள் கிடந்தது. அது இன்னும் சிவகங்கைக்காரிதான். நான் செய்த காரியத்துக்கு அதற்கு ஒரே வெட்கம், வெளியே வரவில்லை. பினாங்குக்காரியாகிவிட்ட இடது கையின் விரல்களில் நெய்யும் சர்க்கரையும் ஒட்டியிருந்தன. அக்கம்பக்கம் பார்த்தேன். யாரும் என் அம்மா இல்லை. ஒவ்வொரு விரலாக நிதானமாகச் சப்பிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.