தீபாவளியன்று போட்ட கம்பெனிச் சட்டை

போன வாரம் நீங்கள் இருவரும் என்னிடம் கேட்டீர்கள்: நம்மிடம் திரைச்சீலை தைக்கும் இரண்டு பேரையும் தீபாவளிக்கு ஏன் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை, அப்பா அவ்வளவு கஞ்சமா என்று. நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. படிவம் மூன்றோடு பள்ளிப் படிப்பை விட்டவன்தான், இருந்தாலும் எழுதிப் பார்க்கிறேன்.

நான் சொந்தமாகத் தொழில் தொடங்குவதற்கு முன் சுங்கை பினாங்கில் ஒரு திரைச்சீலைக் கடையில் வேலை பார்த்தேன். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளப்பது, கம்பி மாட்டுவது, தைத்ததைத் தொங்கவிடுவது என் வேலை. ஆறு பேர் இருந்தோம். பண்டிகை வந்தால் பினாங்கில் எல்லா வீட்டுக்கும் புதுத் திரை வேண்டும். அந்த வருடம் தீபாவளிக்கு முன் ஐந்து வாரம் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுப்பது சட்டம். யாராவது கேட்டால், “சீசன்லா” என்பார் முதலாளி. அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் சட்டப்படி ஒட்ட வேண்டிய பொது விடுமுறைப் பட்டியலை மட்டும் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். தூசிகூடப் படியாது.

தீபாவளிக்கு லீவுதான். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு நான்கு நாள் முன்பு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, தீபாவளியன்னைக்குக் கெலுகோர் வீட்டுல ஓபன் ஹவுஸ் வெச்சிருக்கேன், வர்றவங்க எல்லாருக்கும் சாப்பாடு. நீங்கெல்லாம் என் குடும்பம் மாதிரி. ஒருத்தரும் மிஸ் ஆகக்கூடாது, நீதான் பொறுப்பு. கம்பெனிச் சட்டை போட்டு வரச் சொல்லு, ஒரு போட்டோ புடிக்கணும்.”

எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை. கடையில் அவர் நம்பும் ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரும் சரி என்றார்கள். தையல் அக்கா ஒருவர்தான் முடியாது என்றார். சிங்கப்பூரில் வேலை செய்யும் அவருடைய ஒரே மகள் முந்தின நாள் இரவுதான் வருகிறாள், தீபாவளிக்கு மறுநாள் அங்கே வேலைக்கு நிற்க வேண்டும், அதனால் தீபாவளியன்றே கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் மூன்றரை மணிக்கு ரயில். மகளோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு அந்தத் தீபாவளி. நான் விடவில்லை. அரை மணி நேரம் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம், நானே காரில் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறேன் என்று சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தேன்.

அம்மாவையும் உங்களையும் அக்காவையும் காரில் ஏற்றிக்கொண்டு காலை பதினொரு மணிக்குப் போனோம். மகள் தூங்கிக்கொண்டிருந்தாளாம், ஆட்டுக்கறியை மிதமான தீயில் வைத்துவிட்டு வந்ததாக அக்கா சொன்னார். புதுச் சேலைமேல் அந்தச் சட்டையை மாட்டியிருந்தார். கைப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு எதற்கு, காரிலேயே இருக்கட்டும் என்று வாங்கிப் பூட்டியவனும் நான்தான்.

பெரியவளே, உனக்குக் கொஞ்சம் நினைவிருக்கும். பெரிய பந்தல், மேசை மேசையாகச் சாப்பாடு. முதலாளியம்மா எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. “வாங்க வாங்க, கேட்டரிங்ல ரெண்டு பேரு வரல. கொஞ்சம் கை குடுங்களேன், நம்ம வீடுதானே.” கை கொடுத்தோம். அந்தச் சட்டையைப் பார்த்தால் வருகிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்? ஒருவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் எச்சில் தட்டை நீட்டினார். கேசரியில் சிகரெட்டை அணைத்திருந்தார். நான் வாங்கிக்கொண்டேன். அப்போது என் காலைக் கட்டிக்கொண்டு நீ கேட்டாய், “அப்பா, இங்கயும் வேலையா?” நான் உனக்கு ஐஸ்கிரீம் எடுத்துக் கொடுத்து அந்தப் பக்கம் அனுப்பிவிட்டேன்.

அக்காவைப் பின்கட்டில் தட்டு கழுவ விட்டிருந்தார்கள். பன்னிரண்டரைக்கு நான் முதலாளியிடம் போய், அக்காவைக் கொண்டுபோய் விட வேண்டும் என்றேன். யாரோ பெரிய மனிதர் வரப்போகிறார், அவரோடு போட்டோ எடுத்ததும் போகலாம் என்றார். “பத்து நிமிஷம்லா தம்பி.” ஒன்றரைக்குக் கேட்டேன். அதே பத்து நிமிடம். அக்கா இரண்டு முறை என்னைப் பார்த்தார். இரண்டு முறையும் நான் கையால் பொறுங்கள் என்று காட்டினேன். அந்தக் கையை இன்று நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பெரிய மனிதர் வரும்போது மணி இரண்டே முக்கால். எல்லாரையும் பந்தலுக்குக் கூப்பிட்டார்கள். அக்கா கையைச் சேலையில் துடைத்தபடி வந்து, “தம்பி, மணி என்ன?” என்றார். சொன்னேன்.  அவர் சட்டையைக் கழற்றி நாற்காலி ஒன்றில் போட்டார். “அக்கா, சட்டையப் போடுங்க, போட்டோ!” என்று முதலாளி கத்தினார். அக்கா திரும்பவே இல்லை. வாசலைத் தாண்டி என் கார் பக்கத்தில் போய் வெயிலில் நின்றார்.

இதைத்தான் உங்களிடம் சொல்லக் கூசுகிறது. கார்ச் சாவி என் பையில் இருந்தது. நான் உடனே போகவில்லை. போட்டோவுக்கு நின்றேன். ஒன்று எடுத்தார்கள், சரியில்லை என்று இன்னொன்று, அப்புறம் பெரிய மனிதருக்கு மாலை போட்டு இன்னொன்று. மூன்றிலும் சிரித்திருக்கிறேன்.

பிறகு அம்மாவையும் உங்களையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அக்கா பையைத் திறந்து போனைப் பார்த்தார். மகள் பதினொரு முறை கூப்பிட்டிருந்தாள். வீட்டுக்கு வேண்டாம், அவள் அக்கரைக்குப் பெர்ரிக் கப்பல் ஏறிவிட்டாளாம், பாலத்தில் நிலையத்துக்குப் போ என்றார். பாலத்தில் பண்டிகைக் கூட்டம், கார்கள் ஊர்ந்தன.  அக்காவின் விரல்கள் சோப்பு நீரில் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவற்றை மடியில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பட்டர்வொர்த் நிலையத்தில் நாங்கள் படியேறும்போது மூன்று முப்பத்தைந்து. தண்டவாளம் காலியாக இருந்தது. அக்கா போனில் வந்திருந்த செய்தியை எனக்குக் காட்டினார். “கறிய நானே எறக்கி வெச்சிட்டேன்மா. கொஞ்சம் சாப்பிட்டேன். சாவி பக்கத்து வீட்டுல.”

மறுநாள் கடைக்குப் போனால் முதலாளி பேசுகிற பேச்சு: லீவும் கொடுத்து, சோறும் போட்டு, ஒரு போட்டோவுக்கு நிற்க இவர்களுக்கு வலிக்கிறது. சட்டப்படி அவர் லீவு கொடுத்துவிட்டார். சுவரில் பட்டியல் இருக்கிறது. எங்களை யாரும் கட்டிப்போடவும் இல்லை. அந்த ஆளுடைய சிரிப்பையும் அந்தக் குடும்பம் என்ற வார்த்தையையும் அதற்குப் பிறகு என்னால் தாங்க முடியவில்லை. மூன்று மாதத்தில் நான் விலகினேன். அக்கா அதற்கு முன்பே நின்றுவிட்டார்.

முதலாளி கூப்பிட்டால் அது கூப்பிடுவது ஆகாது, பிள்ளைகளா. வர விருப்பமில்லை என்று சொல்ல நம்மிடம் தைக்கும் இருவருக்கும் வாய் வராது என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் பண்டிகை நாளில் நான் நம்மிடம் வேலை செய்பவர்களுக்கு வாழ்த்துகூட அனுப்புவதில்லை. பலகாரத்தை முந்தின நாளே கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

அன்று நிலையத்தில் அக்காவை வீட்டில் விடுகிறேன் என்றேன். வேண்டாம், பெர்ரியில் போய்க்கொள்கிறேன் என்றார். நாலடி போய்விட்டுத் திரும்பி நின்றார்.

“அவரு கூப்பிட்டிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன் தம்பி,” என்றார். “நீ கூப்பிட்டே, அதான் வந்தேன்.”