வேணும், வேணாம், போதும்

கறம்பக்குடியில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து, ஒரு டப்பாவை மேசையில் வைத்தார். உள்ளே போக்கர் சூதாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும், எண் அச்சிட்ட மலிவான பிளாஸ்டிக் வில்லைகள்.

"நம்பர மறைச்சு, இந்த வார்த்தைகள ஒட்டித் தாங்க" என்று ஒரு தாளை நீட்டினார். 'வேணும், வேணாம், போதும்' என்று எழுதியிருந்தது.

சீட்டாடுகிறவர்கள் பேச்சேதான். நாளை போலீஸ் வந்தால் என் கடையும் அல்லவா மாட்டும்? நாலு பேர் நிற்கும்போதே சத்தமாகக் கேட்டேன்: "எங்கிட்டுங்க சூதாட்டம் நடத்துறீங்க?"

அவர் முகம் சுருங்கிவிட்டது.

"வீட்டுக்காரிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருச்சுங்க. படிக்கத் தெரியும். அட்டையில எழுதிக் குடுத்தா வெரல்ல நிக்க மாட்டேங்குது. இது தடிமனா இருக்கு, எடுத்துக் காட்டிருவா."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"மன்னிச்சுக்கங்கண்ணே" என்றேன். "வேற எதும் வார்த்தை போடணுமா?"

கொஞ்சம் தயங்கினார். "'ஏங்க'ன்னு ஒண்ணு போடுங்க. அவ என்னையக் கூப்புட்டு நாலு மாசமாச்சு."

அதை மட்டும் பெரிய எழுத்தில் அடித்து, நானே ஒட்டிக் கொடுத்தேன். அத்தனை பேர் முன்னால் அவரிடம் நான் கேட்ட கேள்வி இன்றும் என்னைக் கூச வைக்கிறது.